இரண்டாவது ஷிப்ட்

காலை ஆறு மணிக்குப் பாய்லர்காரர் வேலைக்கு வந்துவிடுவார். கட்டிலிலிருந்து சாப்பாட்டு மேசை வரை பதினோரு அடி. அதற்குள் முகம் கழுவி, காக்கிச் சட்டையைப் போட்டு, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருப்பார். சுவரைப் பார்த்த நாற்காலிதான் அவருடையது. உட்காருவதற்கு முன் ஒருமுறை குனிந்து மேசைக்கு அடியில் பார்ப்பார். எதைப் பார்க்கிறார் என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். பாய்லரின் அடுப்பு வாய் அந்த உயரத்தில்தான் இருந்தது. தீ ஒழுங்காக எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முப்பத்து நான்கு வருஷமும் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

மேசைமேல் ஒரு அலுமினியத் தட்டு. அதில் போல்ட்டும் நட்டும் வாஷரும் கலந்து கிடக்கும். பக்கத்தில் ஐந்து டப்பா, ஒரு கண்ணாடி பாட்டில் நிறையத் தண்ணீர், கோடு போட்ட நீள நோட்டு ஒன்று, நூலில் கட்டிய பென்சில். அவர் ஒரு போல்ட்டை எடுப்பார். மரையை நகத்தால் வருடிப் பார்ப்பார். கண் தேவையில்லை, நகத்துக்கே தெரியும். அதற்கான நட்டைத் தேடிப் பிடித்து மாட்டி, இரண்டு சுற்றுச் சுற்றி, அதற்குரிய டப்பாவில் போடுவார். மணிக்கொரு தரம் பாட்டிலைப் பார்த்து நோட்டில் எழுதுவார். தண்ணீர் மட்டம் முக்கால். அழுத்தம் சரி. தீ சரி.

இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள். அவர் பாய்லர் ரூமில், அவள் சலவைக்கூடத்தில் இஸ்திரி மேசையில். எல்லாரும் அவளை இஸ்திரியம்மா என்பார்கள். அவர் வெறும் இஸ்திரி என்பார். அவர் கொதிக்க வைத்த தண்ணீரின் ஆவிதான் சாக்கு சுற்றிய குழாய் வழியாக முற்றம் தாண்டி அவள் மேசைக்கு வந்தது. காலை ஷிப்ட்டில் படுக்கை விரிப்புகள் அப்பளம்போல மொடமொடவென்று வரும். மதியம் இரண்டு மணி ஆனால் ஆவி தளர்ந்துவிடும். விரிப்பு ஈரத்தோடு நெளியும். "தூங்குமூஞ்சி வந்துட்டான்டி" என்பார்கள் இஸ்திரிக்காரப் பெண்கள். இரண்டாவது ஷிப்ட்டில் அவரை மாற்றிவிட வருகிறவனுக்கு அதுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும்.

பாய்லர்காரருக்கு மறதி வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். முடி வெட்டிக்கொண்டு வந்தவர் சொந்தத் தெருவின் முனையில் அரை மணி நேரம் நின்றார். பிறகு செருப்பைக் குளிர்பெட்டிக்குள் வைத்தார். மகளின் கல்யாணப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "யார் வீட்டுக் கல்யாணம் இது, நம்மளக் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. போன நினைவு திரும்பி வராது, மறதியை மெதுவாக்கத்தான் முடியும் என்றார். அப்படிச் சொல்லிவிட்டுத் தாழ்வாரத்தின் கடைசி அறைக்கு அனுப்பினார். அங்கே பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள்.

"கையும் மூளையும் சேர்ந்து ஓடணும்மா. சும்மா டிவி முன்னாடி உக்கார வெச்சீங்கன்னா ஆறே மாசம்."

"ஆறு மாசத்துல என்ன ஆகும்?"

அவள் அலமாரிப் பக்கம் திரும்பினாள். ஒரு பையை எடுத்துக் கொடுத்தாள். கோக்கிற மணி, வண்ணப் பென்சில், படம் போட்ட புத்தகம், பிசைகிற மண். தினமும் செய்ததை நோட்டில் எழுதச் சொல்லுங்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்ததும் அவர் மணியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"என்னை எந்த வகுப்புல சேர்த்திருக்கே இஸ்திரி?"

"மூளைக்கு நல்லதாம்."

"இந்த வருஷம் பாஸ் பண்ணிடுவேனா, இல்ல மறுபடியும் இதே வகுப்புதானா?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. பையைச் சுருட்டிக் கதவோரம் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை.

மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். எந்த மருந்து எதற்கு என்பது தெரிந்தவள். அதனால் நம்பிக்கை குறைந்தவள். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் முதியோர் இல்லத்தில் பெயர் பதிந்து வைத்திருந்தாள்.

"இடம் கெடைக்கும்போது விட்டுட்டா அப்புறம் வருஷக்கணக்குல காத்திருக்கணும்மா. உன்னால எத்தனை நாள் முடியும்?"

"என்னை யாருன்னு அவருக்குத் தெரியற வரைக்கும் அவர் இந்த வீட்டை விட்டுப் போக மாட்டார்."

"தெரியலைன்னா?"

"அன்னைக்கு நீ சொல்றதைக் கேக்கறேன். சொன்னா சொன்னதுதான்."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் வந்ததும் முதல் வேலையாக அம்மாவைக் காட்டி, "அப்பா, இது யாரு?" என்பாள்.

"யாரா? இஸ்திரி. ஊரான் வீட்டு விரிப்பெல்லாம் மடிப்புக் கலையாம தேய்ப்பா. என் சட்டைக் காலரை மட்டும் கருக்கிடுவா."

அந்த பதில் வருகிற வரைக்கும் இஸ்திரியம்மாவுக்குக் கையில் இருக்கிற வேலை ஓடாது.

போல்ட்டுப் பெட்டியை அவள்தான் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். ஓய்வு பெற்ற அன்று கூட வேலை செய்தவர்கள் விளையாட்டாகக் கொடுத்தனுப்பிய பெட்டி, ஏழெட்டு கிலோ இருக்கும். தட்டில் கொட்டி மேசைமேல் வைத்தாள். அவர் தள்ளி நின்று பார்த்தார். கிட்டே வந்தார். நான்கு மணி நேரம் தலை தூக்கவில்லை. சாப்பிடும்போது, "இன்னைக்கு வேலை ஜாஸ்தி" என்றார். மாதக்கணக்காகப் பாதி மூடிய கண்ணோடு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்த மனிதர், அன்று மதியம் உழைத்தவன் தூங்குவதுபோல வாய் திறந்து தூங்கினார்.

மறுநாளுக்கு வேலை வேண்டுமே. அவர் தூங்கும்போது அவள் ஐந்து டப்பாவையும் தட்டில் கொட்டி, மாட்டிய நட்டையெல்லாம் கழற்றி, நன்றாகக் கலைத்து வைத்தாள். விரல் நுனி எரிந்தது.

மூன்றாவது நாள் நோட்டில் இப்படி எழுதியிருந்தது: 'இரண்டாவது ஷிப்ட் ஆள் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். பொறுப்பில்லாத ஆள். மேலிடத்தில் சொல்லப்படும்.'

அவள் சமையலறையில் நின்று அதைப் படித்தாள். சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று சிரித்து. அந்தச் சிரிப்பின் சூட்டிலேயே பென்சிலை எடுத்து, அதற்குக் கீழே எழுதினாள்: 'அண்ணே மன்னிச்சுக்குங்க. கொஞ்சம் கண் அசந்துட்டேன். கை பட்டுத் தட்டு விழுந்துருச்சு.' துணிக்கணக்குச் சீட்டில் போட்டுப் பழகிய கையெழுத்தையே அதன் கீழ் போட்டாள். ஒரு சுழியும் ஒரு வாலும்.

காலையில் அவர் படித்தார். தோள் குலுங்கியது.

"இவன் செத்தாலும் திருந்த மாட்டான் இஸ்திரி."

"யாருங்க?"

"தூங்குமூஞ்சிதான். ஒரு நாள் என்ன பண்ணினான் தெரியுமா..." என்று ஆரம்பித்தவர், சாப்பாடு ஆறிப்போகும் வரை பேசினார். பூனையைத் தலைக்கு வைத்துத் தூங்கியது, பூனை எழுந்து போனது தெரியாமல் தரையில் தலை இடித்து எழுந்தது, மேலதிகாரி வந்தபோது கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியது. எல்லாம் வரிசையாக வந்தன. நேற்றைய சாப்பாடு நினைவில் இல்லாதவருக்கு அந்தப் பூனையின் நிறம் நினைவில் இருந்தது.

அந்த மாதம் கடிகாரப் படம் வரையும் சோதனையில் எல்லா எண்களும் அதனதன் இடத்தில் விழுந்தன. பயிற்சிக்காரப் பெண் வியந்து போனாள்.

"வீட்ல என்னம்மா பண்றீங்க?"

"போல்ட்டு பிரிக்கறார். நோட்டு எழுதறார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றாள் இஸ்திரியம்மா. மற்றதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருஷம் கழித்துப் புருஷனுக்குத் திருட்டுக் கடிதம் எழுதுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரையில் நாள் முழுக்க ஒரே சத்தம். துணி காயவில்லை. அவள் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டே உலர்த்தினாள். நோட்டில் பக்கங்கள் நிறைந்தன. இரண்டு மணிக்கு அவர் கை கழுவப் போவார். அந்த நேரத்தில் அவள் தூங்குமூஞ்சியின் கையெழுத்தைப் போட்டு வைப்பாள். அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி வந்து பார்ப்பார். ஆள் வந்துவிட்டான் என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டு, காக்கியைக் கழற்றிப் படுத்துவிடுவார். பிறகு அவள் உட்கார்ந்து பதில் எழுதுவாள். 'குழந்தைக்குக் காய்ச்சல் தேவலையா?' என்று அவர் கேட்டிருப்பார். 'தேவலை அண்ணே' என்று எழுதுவாள். 'இடது பக்கப் பம்ப் கசிகிறது, கவனி' என்றிருப்பார். 'கவனிச்சேன் அண்ணே' என்பாள்.

ஒரே ஒரு தொல்லை, தண்ணீர். ஒரு நாளைக்கு அந்த பாட்டில் முழுவதையும் குடித்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் பாட்டிலில் மட்டம் பாதிக்குக் கீழே இறங்க அவர் விடமாட்டார். பாய்லரில் தண்ணீர் வற்றினால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். பக்கத்து ஆலை ஒன்றில் ஒருவன், மாற்று ஆள் வருவதற்கு முன்னால் பீடி பிடிக்க வெளியே போனான். பத்தே நிமிஷம். கூரை தெருவில் கிடந்தது. இரண்டு பேர் கிடைக்கவே இல்லை. அதிலிருந்து அவர்கள் தொழிலில் ஒரே சட்டம்தான்: மாற்று ஆள் வந்து கையெழுத்துப் போடாமல் இடத்தை விட்டுக் கிளம்பக் கூடாது. அவள் ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தால், குடித்த அளவுக்கு பாட்டிலில் உடனே ஊற்ற வேண்டும். ஊற்றுவாள்.

மழை விட்ட வாரத்தில் ஒரு நாள் நோட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தது.

'என் வீட்டுக்காரி இப்போதெல்லாம் என்னோடு பேசுவதில்லை. கோபம்போல.'

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தவள் அவள். சாப்பாடு போட்டவள் அவள். வெகுநேரம் பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்: 'கோபம் இருக்காது அண்ணே. நீங்க கூப்பிட்டுப் பேசினா பேசுவாங்க.'

மறுநாள் பதில் வந்திருந்தது. 'வீட்டுக்குப் போனால்தானே பேச? எப்போது பார்த்தாலும் டியூட்டி. நான் போகும்போது தூங்கிவிடுகிறாள்.'

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டபோது அவர் அம்மாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். மரியாதையாகப் பார்த்தார். அதுதான் பயமாக இருந்தது.

"லாண்டரியில இருக்கறவங்க" என்றார்.

"பாத்தியா, கரெக்டா சொல்லிட்டார்" என்றாள் இஸ்திரியம்மா அவசரமாக.

"அம்மா, லாண்டரியில நாப்பது பேர் இருந்தாங்க."

"நாப்பது பேரும் இந்த வீட்லயா இருக்காங்க?"

மகள் மேசைக்குப் போய் நோட்டைப் புரட்டினாள். பக்கம் பக்கமாகப் படித்தாள். கடையில் மருந்துச் சீட்டு படிக்கிறவள், அம்மாவின் கையெழுத்தைக் கண்டுபிடிக்கவா முடியாது? படித்து முடித்தபோது முகம் கறுத்திருந்தது.

"இது என்னம்மா?"

"அவருக்கு ஒரு சந்தோஷம்..."

"சந்தோஷமா? அவரை நீயே கொண்டுபோய்ப் பாய்லர் ரூம்ல அடைச்சிருக்கே. வீட்டுக்கு வர விடாம கதவைச் சாத்திட்டு, ஜன்னல் வழியா லெட்டர் போட்டுக்கிட்டு இருக்கே."

பயிற்சிக்காரப் பெண்ணுக்குத் தொலைபேசி போனது. அவள் திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"பயிற்சின்னா பயிற்சியா இருக்கணும்மா. நீங்க அவருக்கு வேலையே போட்டுக் குடுத்துட்டீங்க. அந்த ஆள் எழுதறதை நிறுத்துங்க. கொஞ்சம் தவிப்பார். உங்ககிட்ட வந்துருவார்."

இஸ்திரியம்மா அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். இல்லத்தில் இடம் காலியாகியிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று மகள் சொன்னது காதில் ஏறவில்லை.

புதன்கிழமை இரண்டு மணிக்கு அவர் கை கழுவிவிட்டு வந்தார். நோட்டில் கையெழுத்து இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார்.

"என்னங்க, டியூட்டி முடிஞ்சுது. வாங்க."

"ஆள் வரலையே."

"யாரும் வர மாட்டாங்க. இது நம்ம வீடு. நான் இஸ்திரி."

"சரிம்மா" என்றார். "ஆள் வரட்டும்."

மூன்று மணி வரை பொறுத்தாள். பிறகு நோட்டைச் சமையலறைக்கு எடுத்துப் போய்க் கையெழுத்தைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவர் சுழியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"கையெழுத்து வந்துருச்சு. ஆள் எங்கே?"

"வந்துட்டு..."

"காகிதமா வந்து பாய்லரைப் பாத்துக்கும்? இன்னைக்கு அவன் மூஞ்சியைப் பார்க்காம எந்திரிக்க மாட்டேன்."

எழுந்திருக்கவில்லை. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனாள். உதட்டை இறுக்கிக்கொண்டார். தண்ணீர் ஊற்றினாள். குவளையைத் தள்ளிவிட்டு பாட்டிலின் மேல் கையை வைத்துக்கொண்டார். பாட்டிலில் தண்ணீர் அரைக்குச் சற்று மேலே நின்றது; மாற்று ஆள் வராதவரை ஒரு சொட்டும் குறையக் கூடாது. அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இருட்டியதும் நாற்காலிக்கு அடியில் ஈரம் பரவியது. அவள் துடைத்தாள். கால்களைத் தூக்கித் துடைத்தபோது, "சிரமம் குடுக்கறேன்" என்றார், யாரோ ஒரு பெண்ணிடம் சொல்வதுபோல. விடிகிற வரையில் இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அவளும் சாப்பிடவில்லை.

அவளுக்கு இது தெரியும். முன்பு ஒருமுறை அவர் இப்படி முப்பத்திரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். தூங்குமூஞ்சி வரவில்லை, மூன்றாவது ஷிப்ட்டுக்கும் ஆள் இல்லை. அன்றுதான் மகள் பிறந்தாள், அதே ஆஸ்பத்திரியில், பாய்லர் ரூமுக்கு எதிர்க் கட்டிடத்தில். வலி எடுத்துக் கிடந்தபோது விரிப்பு மொடமொடவென்று சூடாக இருந்தது. அவர் தீயை விடாமல் எரித்துக்கொண்டிருக்கிறார் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். மறுநாள் மதியம் வந்து குழந்தையைப் பார்த்தார். அவள் அதை மன்னித்தாளா என்று அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை காலை மகள் வந்தாள். அப்பாவின் உதடு வெடித்திருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டாள். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள்.

"சிறுநீரகம் போயிடும்கறார். சாயங்காலத்துக்குள்ள கொண்டுவரணுமாம். ஆம்புலன்ஸ்காரங்க வந்தா, இவர் திமிரினா கட்டித்தான் தூக்குவாங்க."

"கட்டக் கூடாது."

"அப்ப நீயே சொல்லு, எப்படி எழுப்பறது?"

இஸ்திரியம்மா, "தூங்குமூஞ்சி உயிரோடதான் இருக்கான்" என்றாள். "சந்தைக்குப் பின்னால, அவன் மகன் வீட்ல. வண்டி எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வா. இரண்டு மணிக்கு இங்க இருக்கணும்."

இரண்டேகாலுக்கு வந்தார்கள். தூங்குமூஞ்சிக்கு அறுபத்தெட்டு வயது. கையில் கோல், கண் ஆபரேஷனுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடி. இரண்டு மாடி ஏறியதில் மூச்சு இரைத்தது.

"வண்டியிலயே தூங்கிட்டார்" என்றாள் மகள். "எழுப்பி இறக்க இவ்வளவு நேரம்."

"மன்னிச்சுக்குங்க அண்ணி. பழக்கதோஷம்." பிறகு மகள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "பாப்பா, நீ பிறந்த அன்னைக்கு நான் வரலை. பல்வலின்னு சொன்னேன். பல்லும் இல்ல, வலியும் இல்ல. தூங்கிட்டேன். உங்கப்பா அதைப் பத்தி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல. கேட்டிருந்தா தேவலையா இருந்திருக்கும்."

மகள் கதவை விரியத் திறந்தாள். "உள்ள வாங்க மாமா" என்றாள்.

தூங்குமூஞ்சி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். கோலைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, நிமிர்ந்து உள்ளே போனார்.

"அண்ணே, வந்துட்டேண்ணே. நீங்க கிளம்புங்க."

பாய்லர்காரர் திரும்பினார். கண்கள் உள்ளே போயிருந்தன. ஆனால் பார்வை கூர்மையாக இருந்தது.

"யார் நீ?"

"நான்தாண்ணே. தூங்குமூஞ்சி."

"அவனுக்கு முப்பது வயசு. நீ யாரோ கிழவன். வெளியாளு இங்க வரக் கூடாது."

"வயசாயிடுச்சுண்ணே."

"ஒரே நாள்லயா?"

தூங்குமூஞ்சி உதவிக்கு அவளைப் பார்த்தார். அவள் அசையவில்லை. பாய்லர்காரர் நோட்டைத் திருப்பி நீட்டினார்.

"கையெழுத்துப் போடு."

அவர் பென்சிலை வாங்கி, தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். பாய்லர்காரர் அதைப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார். நேற்று, முந்தாநாள், போன வாரம், போன மாதம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சுழியும் ஒரு வாலும். நகத்தால் அந்தச் சுழியைத் தடவினார். பிறகு புதிய கையெழுத்தைத் தடவினார். நோட்டை மூடினார்.

"பொய்க் கையெழுத்து. பாய்லரை யார்கிட்ட குடுக்கறதுன்னு எனக்குத் தெரியும். வெளிய போய்யா."

அதைச் சொல்லி முடித்ததும் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மகள் ஓடிவந்து பிடித்தாள். அவர் அவள் கையை உதறிவிட்டு மறுபடி பாட்டிலைப் பார்த்தார்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடறேன்மா" என்றாள் மகள். "போதும்."

"இரு."

இஸ்திரியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கையில் ஒன்றும் ஈரமில்லை. ஆனாலும் விரல் விரலாகத் துடைத்தாள். மேசைக்கு எதிர்ப்பக்கம் போனாள். நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். மகளுக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, வேண்டாம்."

அவள் கையெழுத்துப் போட்டாள். வேகமாக, தினமும் போடுகிறவள்போல. ஒரு சுழி, ஒரு வால்.

பாய்லர்காரர் கையெழுத்தைப் பார்த்தார். நகத்தால் வருடினார். பிறகு கையைப் பார்த்தார். அந்தக் கை வழியாக மேலே ஏறி, அவள் முகத்துக்கு வந்தார். இரண்டு நாளாக இறுகிக் கிடந்த தாடை தளர்ந்தது.

"வந்துட்டியா. எங்கடா போயிட்டே?"

காகிதத்தில் எத்தனையோ தரம் எழுதிய வார்த்தைதான். புருஷன் முகத்தைப் பார்த்து எந்தப் பெண்ணும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"கண் அசந்துட்டேண்ணே" என்றாள்.

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உன்னைத் திட்டறதுக்குக்கூட தெம்பு இல்லடா" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "உக்காரு. மட்டம் அரைக்கு மேல இருக்கு. இறங்க விடாதே. தீ நல்லாருக்கு. இடது பம்ப் கசியுது, துணி சுத்தி வெச்சிருக்கேன்."

"பாத்துக்கறேண்ணே. நீங்க தண்ணி குடிங்க" என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மகள் சமையலறையிலிருந்து குவளையில் கொண்டுவந்தாள். இனி அது அவர் பொறுப்பில் இல்லாத தண்ணீர். குடித்தார். இன்னொரு குவளை கேட்டு வாங்கிக் குடித்தார். தண்ணீர் தாடை வழியாகக் காக்கிச் சட்டையில் ஒழுகியது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மகள் தோளைக் கொடுத்தாள். செருப்பை மாட்டினார்.

"வீட்டுக்குப் போகணும். அவ காத்துக்கிட்டிருப்பா."

வாசலை அடைந்துவிட்டார். இஸ்திரியம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். நாற்காலி தரையில் உரசிய சத்தம்தான். அவர் நின்றார். திரும்பினார். முகம் மாறிவிட்டது. மகளின் தோளை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துத் தட்டுத் தடுமாறி மறுபடி மேசைக்கு வர ஆரம்பித்தார்.

"பாய்லரை விட்டுட்டு எங்கடா வர்றே?"

அவள் உட்கார்ந்தாள்.

"எந்திரிக்க மாட்டேண்ணே. நீங்க போங்க."

அவர் நின்று பார்த்தார். அவள் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவர் திரும்பினார்.

வாசற்படியில் மகள் நின்று அம்மாவைப் பார்த்தாள். தகரக் கூரையில் ஒரு காகம் நடக்கிற சத்தம் கேட்டது.

"கூட்டிட்டுப் போ" என்றாள் இஸ்திரியம்மா. "டாக்டர்கிட்ட காட்டு."

"அப்புறம்?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு? இன்னைக்கே சொல்லிடு இல்லத்துக்காரங்ககிட்ட."

"அம்மா, நீயும் வா. எப்படியாவது..."

"நான் எந்திரிச்சா அவர் போக மாட்டார். பாத்தேல்ல?"

அவர்கள் இறங்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் செருப்பு இரண்டு தரம் சத்தம் போட்டது. அவருடைய குரல் படிக்கட்டில் எதிரொலித்து மேலே வந்தது.

"நீ லாண்டரிப் பொண்ணா?"

"ஆமாம்" என்றாள் மகள்.

"எங்க வீட்டுக்காரியும் உங்க செக்‌ஷன்தான். இஸ்திரின்னா தெரியும். கொஞ்ச நாளா அவகூடப் பேசவே இல்லை. இன்னைக்குப் போய் உக்காந்து பேசிடணும்."

மகள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கீழே வண்டிக் கதவு திறந்தது. மூடியது. பிறகு இன்னொரு கதவு. வண்டி கிளம்பி, தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் அதன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

தூங்குமூஞ்சி கதவோரத்து முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, எந்திரிங்க. போயிட்டாரு."

"பாதி வழியில திரும்பி வந்து பார்ப்பார். அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு."

"ஆமாமா. என்னை எத்தனை தரம் அப்படிப் பிடிச்சிருக்கார்." கோலை எடுத்துக்கொண்டே கேட்டார். "எத்தனை மணி வரைக்கும் உக்காந்திருப்பீங்க?"

"இரண்டாவது ஷிப்ட் பத்து மணி வரைக்கும்தானே" என்றாள்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றுகூட ஆகியிருக்கவில்லை.